எண்பத்தைந்து லீற்றர்ப் பை

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு மனிதர் பத்துக் கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சோபாவைச் சுற்றி வந்தார். குசினிக்குள் புகுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். பிறகு கதவைத் திறந்து வெளியே போய், மாடிப்படியில் மூன்றாம் மாடிவரை ஏறி இறங்கிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார். வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். அரிசி, நான் தமிழ்க்கடையில் வாங்கி வைத்திருந்த சிவப்பரிசி. "என்ன, ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று கேட்டேன். "புதுப் பையப்பா. விலைத்துண்டை வெட்ட முதல் பாரத்தைப் போட்டு அரை மணித்தியாலம் வீட்டுக்குள்ள நடந்து பாக்கவேணும். தோள் நொந்தால் திருப்பிக் குடுக்கலாம். மாரித் சொன்னவ" என்றார். கடைசி இரண்டு சொல்லையும் கேட்டதும் எனக்கு உச்சியில் ஏறியது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும். நோர்வேயில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனால், நல்ல வீடும் நல்ல கட்டிலும் உள்ள சனம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் படுக்கப் போய்விடும். அதற்கு 'தூர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தாலும் போவார்கள். மழை பெய்தால் இன்னும் சந்தோஷமாகப் போவார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்து நுளம்பு கடித்த இடத்தைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். இருபத்தைந்து வருடமாக நானும் இவரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம் என்பதுதான் முக்கியம். போன வருடம் இவர் வேலை செய்யும் பட்டறைக்கு மாரித் என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். அறுபதை நெருங்குகிற மனுசி, பேரப்பிள்ளைகளும் உண்டு. அவள்தான் பட்டறை ஆட்களைச் சேர்த்து மாதத்துக்கு ஒரு தடவை மலைக்குக் கூட்டிப்போகிறாள். இவரையும் கூப்பிட்டாள். இவரும் போனார். என்னைப் பார்த்து, "நீரும் வாறீரோ?" என்று ஒரு சொல் கேட்கவில்லை. அன்றைக்கு எரியத் தொடங்கிய வயிறு. நீங்கள் நினைக்கிற மாதிரியான பொறாமை இல்லை இது. எனக்கு அவளுடைய வயதும் தெரியும், இவருடைய குறட்டையும் தெரியும். வீட்டில் என்னோடு நாலு சொல் கதைக்காத மனிதர், மலையால் இறங்கி வந்தால் முகமெல்லாம் வெளிச்சமாக வாசலில் நிற்கிறாரே, அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பையை வாங்கிய கதையைக் கேளுங்கள். மூன்று சனிக்கிழமை, மூன்று கடை. கழுத்தடியில் துருத்திக்கொண்டு நிற்கிற எலும்பில் இருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை நாடாவால் அளந்து, அந்த அளவுக்குத்தான் பை வாங்கவேண்டுமாம். ஆளின் உயரத்தைப் பார்த்து வாங்கினால் பிழைத்துப்போகுமாம். நெட்டையான ஆளுக்கும் முதுகு கட்டையாக இருக்கலாமாம். இடுப்புப் பட்டி எலும்பின் மேலே இருக்கவேண்டும், வயிற்றை வெட்டக்கூடாது. முதுகுப் பக்கம் வலை வைத்துத் தைத்திருந்தால் வியர்வை காயும். ஒரு இரவுக்கு நாற்பது ஐம்பது லீற்றர் கொள்ளுகிற பை போதும். பெரிது வாங்கினால் அதை நிரப்பத்தான் மனம் சொல்லும். எனக்கு இதெல்லாம் மனப்பாடம், ஏனென்றால் சாப்பாட்டு மேசையில் வேறு கதை இல்லை. எங்கள் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கக் கொழும்பில் கடைக்குப் போனபோது இதே மனிதர், "எல்லாம் சிவப்புத்தானே, ஒண்டை எடுங்கோவன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று சோடா குடித்தவர். கடைசியில் மாமிதான் தெரிந்தெடுத்தார். என் தோளின் அளவு என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் இவர் முழிப்பார்.

"பாரத்தைத் தோளில வைக்கக்கூடாது, இடுப்பில இறக்கவேணும்" என்று ஒருநாள் பெரிய ஞானம் கிடைத்தவர் மாதிரிச் சொன்னார். "உதைச் சொல்ல மாரித் வேணுமோ?" என்று வெடித்துவிட்டேன். என் ஊர் புளியங்கூடலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீருக்குக் கோயிலடிக் கிணற்றுக்குப் போகவேண்டும். பத்து வயதில் இருந்து ஊரை விட்டு வெளிக்கிடும்வரை, காலையும் பின்னேரமும் இடுப்பில் குடத்தோடு நடந்தவள் நான். இப்போது முதியோர் இல்லத்தில் என்னைவிட இரண்டு மடங்கு பாரமான கிழவர்களைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுகிறேன். பாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரியும் என்றால் அது எனக்குத்தான். ஆனால் என்னை யார் கேட்டது? இவர் "ஓமோம்" என்று சொல்லிவிட்டு இடுப்புப் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கூடாரம், படுக்கை என்றதும் இவள் அகதி முகாமைப் பற்றி எழுதப்போகிறாள் என்று சிலர் கைக்குட்டையை எடுத்திருப்பீர்கள். தறப்பாளுக்குக் கீழே நானும் படுத்தவள்தான். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் வந்தது துக்கம் இல்லை, தனி எரிச்சல்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து, இவருக்குச் சொல்லாமல், இவர் பை வாங்கிய கடைக்கே போனேன். மூக்கில் வளையம் போட்ட இளம்பெண் ஒருத்தி நின்றாள். ரிக்செக் ஒன்று வேண்டும் என்று சொன்னேன். முதுகுப்பைக்கு அங்கே அதுதான் பெயர். "எத்தனை நாள் வெளியே இருக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கோடைக்கு ஆறு வாரம் ஊருக்குப் போக ரிக்கற் போட்டிருந்தோம். எத்தனை நாள் என்று யார் கேட்டாலும் எங்கள் ஆட்களின் வாயில் வருவது அந்தக் கணக்குத்தானே. "ஆறு கிழமை" என்றேன். அவளுக்குக் கண் விரிந்தது. "ஆறு கிழமையா! தனியாகவா?" "இல்லை, கணவரும் வருகிறார்." "தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?" "அங்கே தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. சில இடத்தில் உப்பு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டிவந்து என்னைக் காட்டினாள். இரண்டு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, ஆறு கிழமையும் நான் மலையிலும் காட்டிலும் நடந்து திரியப்போகிறேன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள் என்று. திருத்தியிருக்கலாம். திருத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "எனக்கும் இப்படிப் போக ஆசை, துணிவுதான் இல்லை" என்றாள். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் ஒருவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதை நான் ஏன் கெடுக்கவேண்டும்? வாயை மூடிக்கொண்டேன். என் முதுகை அளந்தாள். பெண்களுக்கென்று தோள்பட்டி வளைத்துத் தைத்த பைகளைக் காட்டினாள். ஒன்றை என் முதுகில் மாட்டி, மணல்மூட்டையை உள்ளே வைத்து, பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். பாரம் இடுப்பில் வந்து உட்கார்ந்தது, தோள் சும்மா இருந்தது. அருமையான பை. ஒரே பிழை, அது எண்பத்தைந்து லீற்றர். பனிப்பாலைவனத்தைக் கடக்கிறவர்கள் கொண்டுபோகிற சாமான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இவருடைய பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருடையது அதன் குட்டி மாதிரி நின்றது. "உதென்ன? எங்க போறீர்?" என்று கேட்டார். "நீங்கள் போற இடத்துக்கு." சிரித்தார். "உமக்கு அங்க ஏறேலாது. முழங்கால் விடுமோ?" எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "பட்டறை ஆக்கள் எல்லாரோடயும் போய்ப் படுத்திட்டு வாறியள். என்னோட ஒரு இரவு போனால் என்ன குறைஞ்சுபோவியளோ?" என்று கேட்டேவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் என் பையின் இடுப்புப் பட்டியை எடுத்துக் கொளுவிக் கழற்றினார். பிறகு, "நெடுந்தீவில ஏற்றம் இறக்கம் ஒண்டும் இல்லை" என்றார். "போற நேரம் மேற்குக் கரையில ஒரு இரவு படுப்பம். நீரும் நானும்." நெடுந்தீவு அவர் பிறந்த இடம். ஒரு கூடாரம், ஒரு இரவு, நாங்கள் இரண்டு பேர். அந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியது அவ்வளவும்தான்.

ஆனால் எண்பத்தைந்து லீற்றரை வெறுமையாகக் கொண்டுபோக எங்கள் ஆட்களால் முடியுமா? கூடாரமும் உறங்குபைகளும் சின்ன அடுப்பும் இவருடைய பைக்குள் அடங்கிவிட்டன. என்னுடையதற்குள் சொக்லேற், சவர்க்காரம், பால்மா, நைற்றி, நோவெண்ணெய், தகரத்தில் அடைத்த ரின்மீன். மீன் பிடிக்கிற தீவுக்கு ரின்மீன் கொண்டுபோன பெருமை எனக்குத்தான் சேரும். தராசில் கொளுவி நிறுத்து, பெட்டி அடுக்குகிற மாதிரிப் பாரமானதை எல்லாம் அடியில் போட்டேன். "பாரமானது நடுவில, முதுகோட ஒட்டி இருக்கவேணும்" என்றார். "அடுக்க எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை" என்றேன். அதன் பலனை, ஊருக்குப் போய்க் குறிகாட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு ஏறும்போது அனுபவித்தேன். பை என்னைப் பின்பக்கமாக இழுத்தது. "அக்கா, பையைக் கழட்டித் தாங்கோ, கடலுக்குள்ள விழப்போறியள்" என்று படகுக்காரர் சத்தம் போட்டார்.

நெடுந்தீவில் இறங்கியதும், மச்சாள் வீட்டுக்கு நடந்தே போவோம் என்றார் இவர். மச்சாள் இவருடைய ஒரே அக்கா. கணவர் செத்த பிறகு தனியாக இருக்கிறார். கல்வேலிகளுக்கு நடுவில் நடக்கத் தொடங்கினோம். இரண்டு ஓட்டோ நின்று ஏறச் சொன்னது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் திரும்பி வந்து, "ஏன் நடக்கிறியள், ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். வழியில் படலைக்குப் படலை "ஆற்ற வீட்டை போறியள்?" என்ற கேள்வி. அரை மைலில் என் தோள் கழன்றுவிட்டது. இவர் ஒரு மரத்தடியில் என்னை நிறுத்தி, பையை இறக்கி, எல்லாவற்றையும் வெளியில் எடுத்து, ரின்மீனை நடுவில் முதுகோடு வைத்துத் திரும்ப அடுக்கினார். என் முதுகில் ஏற்றி, முதலில் இடுப்புப் பட்டி, பிறகு தோள்பட்டி, பிறகு நெஞ்சுப் பட்டி என்று பார்த்துப் பார்த்து இழுத்துவிட்டார். தோளுக்கும் பட்டிக்கும் நடுவில் விரலை விட்டு, "இப்ப நோகுதோ?" என்று கேட்டார். நோகவில்லை. நோகுது என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பாரே என்று ஒரு யோசனையும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

மச்சாள் அறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். கட்டிலில் மடிப்புக் குலையாத புது விரிப்பு, மேலே புது நுளம்பு வலை. குசினியில் நண்டுக் குழம்பு. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். என் பையைத் திறந்து கொண்டுவந்ததை எல்லாம் பங்கு போட்டோம். பிறகு மச்சாள் மற்றப் பையைக் காட்டி, "அதுக்குள்ள என்ன தம்பி?" என்று கேட்டார். "ரென்ற் அக்கா. நாங்கள் இண்டைக்கு மேற்குக் கரையில படுக்கப்போறம். விடிய வந்திடுவம்."

மச்சாள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "ஏன், என்ர வீட்டில இடமில்லையோ?" "அப்பிடி இல்லை அக்கா, ஒரு ஆசைக்கு" என்றார் இவர். மச்சாள் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சுகந்தி, நீர் சொல்லும். கட்டில் சரியில்லையோ? உங்களுக்கெண்டு கக்கூசுக்குக் கொமேட்டும் போட்டு வைச்சிருக்கிறன். நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?" நான் இவரைப் பார்த்தேன். "இது என்ர ஆசை, அவளில பிழையில்லை" என்று இவர் ஒரு வசனம் சொன்னால் போதும். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருசத்துக்குப் பிறகு வந்த தம்பி, மூட்டையோட என்ர வாசல்ல வந்து இறங்கிப்போட்டு வெளியில போய்ப் படுத்தால், இந்தத் தீவுச் சனம் என்ன கதைக்கும்? ஒரு இரவு படுக்க விடேல்லை எண்டெல்லோ கதைக்கும்" என்று மச்சாள் அழத் தொடங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சொக்லேற்றைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நிலம் பிளந்து உள்ளே போனால் என்ன என்று இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நோர்வேயில் இருந்து நாள் நாளாகத் திட்டம் போட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. சொந்தம் இருக்கிற ஊரில் வெளியில் படுப்பது அவர்கள் முகத்தில் அடிக்கிற வேலை என்று எங்களுக்குத் தெரியாதா? அந்த நாட்டு மலையில் எங்கேயும் படுக்கலாம், கோபிக்க அங்கே நமக்கு ஒருவரும் இல்லை. அந்தப் பழக்கத்தில் வந்த பிழை. கூடாரம் பையை விட்டு வெளியே வரவில்லை. அங்கே தங்கிய மூன்று இரவும் புது விரிப்பில்தான் படுத்தோம்.

மறுநாள் காலை மச்சாள் இடியப்பம் பிழிந்துகொண்டே தம்பிக்கு ஏசினார். "வெளியில படுக்கப்போறாராம், பெரிய துரை. பூச்சி பாம்பு கடிச்சால் ஆர் பதில் சொல்லுறது?" இவர் படியில் குந்தியிருந்து சிரித்துச் சிரித்து ஏச்சு வாங்கினார். முகத்தில் அதே வெளிச்சம். எனக்கு மாரித் மறந்தே போனாள். அவளை ஒரு ஆள் என்று எண்ணி இவ்வளவு காலம் எரிந்ததை நினைக்கச் சிரிப்பு வந்தது. இப்போது எரிந்தது வேறு. இந்த மனிதர் வெளியில் படுத்தால் அழுவதற்கு இந்தத் தீவில் ஒரு ஆள் இருக்கிறார். எனக்கு? அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து போன இடத்திலேயே செத்துப்போனார்கள். அண்ணை கனடாவில். புளியங்கூடலில் நான் நடுத்தெருவில் பாயை விரித்துப் படுத்தாலும், "ஏன் பிள்ளை இதில படுக்கிறாய்?" என்று கேட்க ஒருவரும் இல்லை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் நகைக்கும் வீட்டுக்கும் பொறாமைப்படுவார்கள், நான் ஒரு மனுசி அழுத அழுகைக்குப் பொறாமைப்பட்டேன்.

புறப்படும்போது மச்சாள் என் பையில் ஒடியலும் பனங்கட்டியும் கருவாடும் திணித்தார். வந்த பை வெறுமையாகத் திரும்பக்கூடாதாம். படகால் இறங்கி ஓட்டோ பிடித்து, புங்குடுதீவைத் தாண்டி வேலணைக்கு வந்தபோது இவர் சாரதியிடம், "தம்பி, ஊர்காவற்றுறைப் பக்கம் விடும்" என்றார். "ஏன் அங்க?" என்று கேட்டேன். "புளியங்கூடலுக்குப் போவம். உம்மட சீதனக் காணியில ரென்ற் அடிச்சுப் படுப்பம்." பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "அக்காவுக்கு முன்னால நான் வாயைத் திறந்திருக்கவேணும். திறக்கேல்லை" என்றார். எங்கள் ஆம்பிளைகளின் வாயில் மன்னிப்பு என்றால் அவ்வளவுதான் வரும். நான் "ம்" என்றேன். உடனே இளகிவிட்டதாகக் காட்ட எனக்கு மனமில்லை.

காணி என் பெயரில் இருக்கிறது. வீட்டில் மிஞ்சி இருப்பது அரைச் சுவர்கள், கூரை இல்லை. பற்றை மண்டிக் கிடக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை, ஆடு மேய்ந்து துப்புரவாக இருந்தது. வேம்பின் அடியில் கயிறு உரசி உரசிப் பட்டை தேய்ந்திருந்தது. அதில் ஐந்து ஆடுகள். வெயில் சாய்கிற நேரம். இவர் கூடாரத்தை விரித்து, முளைகளை எடுத்து, அடிக்க ஒரு கல்லும் தேடிக்கொண்டார். அப்போது பக்கத்து வளவு வேலியில் ஆள் புகுந்து போக விட்டிருந்த பொட்டுக்குள்ளால் ஒரு பெண் குனிந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஆட்டுக்குக் குழை.

"ஆர் நீங்கள்? என்ன செய்யிறியள்?"

"சும்மா, ஒரு இரவு படுத்திட்டுப் போகப்போறம் தங்கச்சி" என்றார் இவர்.

எங்கள் பைகளைப் பார்த்தாள். ஊர் சுற்ற வந்த ஆட்கள் என்று முடிவுகட்டிவிட்டாள். "இதுக்குள்ள ஏலாது அண்ணை. சாட்டிக் கடற்கரைக்குப் போங்கோ. இது வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ர காணி."

"ஆரின்ர?" என்று கேட்டேன்.

"பேர் தெரியாதக்கா. நாங்கள் பிறகு வந்து இருக்கிற ஆக்கள். அவையளைக் கண்டதில்லை. அதுக்காக அவையள் இல்லாத நேரம் கண்டவையும் வந்து புழங்கிறதோ? போன மாசமும் ஒருத்தர் இந்த வேம்பைத் தறிக்க வந்தவர். விட்டனானே? சண்டை பிடிச்சுக் கலைச்சனான். படுக்கிறதெண்டால் அவையளைக் கேட்டுப்போட்டுப் படுங்கோ."

குரல் நன்றாக உயர்ந்திருந்தது. குழையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் நின்றது எங்கள் குசினி இருந்த இடம். எனக்கு அவளைப் பார்க்கவும் பொறாமையாகத்தான் இருந்தது. அந்த வேம்பின் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்குத் தெரியும், எனக்கு மறந்துபோயிற்று. ஆனால் பொறாமையோடு இன்னொன்றும் வந்தது. எனக்காக இந்த ஊரில் ஒருத்தி சண்டை பிடிக்கிறாள். என்னோடுதான் பிடிக்கிறாள். இது என் காணி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த நிமிடம் அவள் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு, கைகளைப் பிசைந்துகொண்டு போய்விடுவாள். அந்தக் கோபமும் அவளோடு போய்விடும். இவர் கல்லும் முளையுமாக என் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டனாங்கள் தங்கச்சி" என்றேன். "அவையள் ஓமெண்டவை."

"போனிலயோ?"

"ஓம்."

கையை இடுப்பில் இருந்து எடுத்தாள். "எப்பிடி, நல்ல சனமோ?"

"கொஞ்சம் எரிச்சல் பிடிச்ச சனம். ஆனால் ஆட்டுக்கு ஒண்டும் சொல்லாயினம்."

சிரித்தாள். குழையை எடுத்து ஆடுகளுக்கு முன்னால் பிரித்துப் போட்டாள். போவதற்காகப் பொட்டுப் பக்கம் குனிந்தவள், ஏதோ யோசித்து நிமிர்ந்தாள்.

"அப்ப எப்ப வருவினமாம்?"

இவர் குனிந்து முளையை அடிக்கத் தொடங்கினார்.

"அதைக் கேக்க மறந்துபோனன்" என்றேன்.